தொட்டியின் கடைமடைக்கும் வெளிச்சம்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல் பவளம் வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு நேராக வாட்ஸில் போய் நிற்கும். "எத்தன வாட்ஸ் லைட்டுங்க போட்டிருக்கீங்க?" வாட்ஸ் என்பது மின்வாரியத்துக்கு நாம் கட்டும் பணத்தின் கணக்கு. பவளத்துக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. 165 வாட்ஸ் என்று அட்டையில் அச்சடித்த கறுப்புப் பெட்டி லைட்டைப் பிளக் வாட்மீட்டரில் மாட்டிப் பார்த்தால், முழு வேகத்திலும் அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். இழுத்ததில் எவ்வளவு தண்ணீருக்குள் இறங்கியது, இறங்கியதில் எவ்வளவு மூலையில் இருக்கும் பவளத்தைத் தொட்டது என்பதெல்லாம் வேறு கேள்விகள். டெல்டாவில் தண்ணீர்ப் பிரச்சினையைப் பேசுகிற எவருக்கும் இது உடனே பிடிபடும். அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பது தலைமடைக்காரரின் கவலை. கடைமடைக்குத் தன் வாய்க்காலில் எவ்வளவு வந்தது என்பதுதான் கணக்கு. வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் லைட் போதாமல் இல்லை. நடுவில் கொட்டுகிறது, ஓரத்தில் காய்கிறது. அளந்து பார்க்காமல் இன்னொரு லைட் வாங்கினால் நடுவில் இன்னும் கொட்டும்.

பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. அவற்றுக்குப் பயன்படுவது 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள ஒளித்துகள்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்ற அளவைத்தான் 'பார்' என்கிறோம். சித்திரை மாதத்து உச்சி வெயிலில், மேகமில்லாத வானத்தில், இது சுமார் 2000. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் மீட்டரைச் சோதிக்க உதவும்.

எவ்வளவு வேண்டும் என்று தேடினால் வெளிநாட்டு அட்டவணைகள் 300, 400 என்று மிரட்டும். அந்த எண்கள் அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்கானவை. நம் நாட்டில் கல்பவளங்கள் அனைத்தும், கடல்விசிறி, கருப்புப் பவளம், தீப்பவளம், குழல்பவளம் ஆகியவையும், 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த 'லைவ் பீஸ்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. ஆகவே இங்கே தொட்டியில் இருக்க வேண்டியவை மஷ்ரூம், ஸோவாந்திட், லெதர், சைனுலேரியா, ஸீனியா போன்ற மென்மையான வகைகள்தான். அவற்றையும் பில்லோடு வாங்குங்கள். இந்தச் சட்டக் கட்டுப்பாடு லைட் விஷயத்தில் நமக்குப் பெரிய மிச்சம். மஷ்ரூமுக்கு 30 முதல் 80 வரை போதும். ஸோவாந்திட் 60 முதல் 150 வரை சுகமாக இருக்கும். லெதரும் சைனுலேரியாவும் 80 முதல் 200 வரை தாங்கும். 300க்கு மேல் கொடுத்து நாம் வளர்க்கப்போவது பாசியை மட்டுமே.

எண்ணோடு நேரத்தையும் பெருக்க வேண்டும். 120 மைக்ரோமோல் 8 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 3.5 மோல். 90 மைக்ரோமோல் 10 மணி நேரம் எரிந்தால் 3.2. இரண்டும் பவளத்துக்கு ஏறத்தாழ ஒன்றே. வெளிச்சம் சற்றுக் குறைவான இடத்தை நேரத்தை நீட்டி ஓரளவு ஈடுகட்டலாம். 12 மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் பாசிதான் முதலில் நன்றி சொல்லும்.

எதை வைத்து அளப்பது

கையில் இருக்கும் லக்ஸ் மீட்டரோ போன் ஆப்போ போதாதா என்பது எல்லோரும் கேட்பது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. நம் கண்ணுக்குப் பச்சை தூக்கலாகத் தெரியும், நீலம் மங்கலாகத் தெரியும். 555 நானோமீட்டர் பச்சை ஒளியில் ஒரு மைக்ரோமோல் விழுந்தால் சுமார் 147 லக்ஸ் காட்டும். அதே ஒரு மைக்ரோமோல் 450 நானோமீட்டர் நீலமாக இருந்தால் சுமார் 7 லக்ஸ்தான். பவளத் தொட்டி லைட்டில் பாதிக்கு மேல் நீலமும் ஊதாவும்தான். ஆக லைட்டில் நீலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை ஏற்றினால் பவளத்துக்கு வெளிச்சம் கூடும், லக்ஸ் மீட்டர் அதிகம் அசையாது. வெயிலில் லக்ஸை 54ஆல் வகுத்தால் பார் கிடைக்கும் என்பார்கள். அது சரிதான், வெயிலுக்கு மட்டும். அந்த வகுத்தியை நீல லைட்டின் கீழ் பயன்படுத்தினால் வரும் எண் வெறும் கற்பனை.

ஒழுங்கான வழி ஒளித்துகளை எண்ணிப் பார் காட்டும் குவாண்டம் சென்சார். அப்போஜி நிறுவனத்தின் எம்க்யூ-510 நீருக்கடியில் அளக்கவென்றே செய்தது. 389 முதல் 692 நானோமீட்டர் வரை பிடிக்கும், நீருக்குள் மூழ்கியதால் வரும் பிழையையும் தானே திருத்திக்கொள்ளும். எம்க்யூ-500 கிடைத்தால் நீருக்குள் காட்டும் எண்ணை 1.32ஆல் பெருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, 'லைட் போதவில்லை' என்று முடிவுகட்டி ஸ்லைடரை ஏற்றிப் பவளத்தை வெளுக்க வைத்தவர்கள் உண்டு. அதே நிறுவனத்தின் பழைய எம்க்யூ-200 வரிசை 410க்குக் கீழுள்ள ஊதாவையும் 655க்கு மேலுள்ள சிவப்பையும் விட்டுவிடும். நீலம் மிகுந்த லைட்டில் குறைத்தே காட்டும். விலையைப் பார்த்தால் ஒரு தொட்டிக்கு ஒருவர் வாங்குவது வீண். ஒரு தடவை முழுதாக அளந்துவிட்டால் அடுத்த அளவு சில மாதம் கழித்துத்தான். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடுவதே புத்திசாலித்தனம்.

சுற்றில் மீட்டர் உங்கள் வீட்டுக்கு வராத மாதங்களுக்கு ஒரு மலிவு வழி இருக்கிறது. பிஎச்1750 என்ற சின்ன லக்ஸ் சென்சார் பலகை, அதைப் படிக்க ஈஎஸ்பி8266 என்ற குட்டிக் கணினிப் பலகை, ஒன்றரை மீட்டர் நான்கு இழை ஷீல்டு கேபிள். பலகையை 25 மி.மீ. பிவிசி எண்டு கேப்புக்குள் வைத்து, மேலே ஒரு மி.மீ. கனமுள்ள வெள்ளை டெஃப்லான் தகட்டைப் பொருத்தி, மீதியை எபாக்ஸியால் நிரப்புங்கள். தகடு இல்லாமல் வெறும் எபாக்ஸியோடு விட்டால், சாய்வாக வரும் ஒளியைச் சென்சார் சரியாகப் பிடிக்காது. மூலைகளில் எல்லாம் தப்பாகக் காட்டும். கேபிள் நுழையும் இடத்தில் எபாக்ஸி இரண்டு பூச்சு. உப்புத் தண்ணீர் செம்புக் கம்பி வழியே ஏறிப் பலகையைத் தின்றுவிடும், கரைந்த செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும். 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள். இந்தக் கருவி பார் காட்டாது. ஆனால் ஸ்லைடர்களை மாற்றாத வரை, ஒரே நிறக் கலவையில், எங்கே அதிகம் எங்கே குறைவு என்பதை நம்பிச் சொல்லும். குவாண்டம் மீட்டர் வீட்டுக்கு வந்த அன்று இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் படித்து வகுத்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறக் கலவை மாறினால் அந்த வகுத்தி செல்லாது. கொஞ்சம் கோடிங் தெரிந்தவர்கள் ஏஎஸ்7341 சென்சாருக்குப் போகலாம். 415 முதல் 680 நானோமீட்டர் வரை எட்டு அலைநீளங்களைத் தனித்தனியாகப் படிப்பதால் நீலத்தில் ஏமாற்றாது.

போனை பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீரில் இறக்குவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போன் போகும், எண்ணும் கிடைக்காது.

பார் காட்டும் எந்த மீட்டராக இருந்தாலும் முதலில் அதை வெயிலில் சோதியுங்கள். மேகமில்லாத நாள், மதியம் 12 மணி, மொட்டைமாடி, சென்சார் மட்டமாக. கோடையில் 1900 முதல் 2100 வரை காட்டினால் நம்பலாம். 1400 காட்டினால் சென்சார் தலையில் உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வரைபடம் போடுதல்

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அரை அங்குல பிவிசி குழாயின் நுனியில் ஒரு எல்போ போட்டுச் சென்சாரை மேல்நோக்கி மட்டமாக ஒட்டுங்கள். குழாயில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு. நீளவாக்கில் 5 இடம், அகலவாக்கில் 3 இடம், ஆழத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே 10, 25, 40 செ.மீ. மொத்தம் 45 எண். கிராஃப் தாளில் எழுதினால் எங்கே குழி எங்கே மேடு என்று பார்த்தவுடன் தெரியும்.

இருட்டிய பிறகு அளங்கள். டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் முற்றத்திலிருந்து வரும் பகல் வெளிச்சமே தொட்டியின் ஒரு பக்கத்தில் பத்து, இருபது மைக்ரோமோலைச் சேர்த்துவிடும். லைட்டை அரைமணி நேரம் எரியவிட்டு அளங்கள். எல்இடி சூடானதும் வெளிச்சம் கொஞ்சம் இறங்கும், பவளம் நாள் முழுக்கப் பார்ப்பது அந்தச் சூடான அளவைத்தான். தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரை நிறுத்துங்கள். நீர்ப்பரப்பு அலையும்போது ஒளிக்கோடுகள் ஓடும். அந்தக் கோடு சென்சாரில் விழும் நொடியில் எண் இரண்டு மடங்கு எகிறும், அடுத்த நொடி சரியும். அலையோடு அளந்தே ஆக வேண்டும் என்றால் பத்து வினாடிச் சராசரி எடுங்கள். சென்சார் தலையில் ஒட்டும் காற்றுக்குமிழியை விரலால் தடவிவிடுங்கள். உங்கள் கையோ தலையோ லைட்டை மறைக்கக் கூடாது.

நீல சேனலைத் தனியாக ஒரு முறை, வெள்ளையைத் தனியாக ஒரு முறை, நடு இடத்தில் மட்டும் 25, 50, 75, 100 சதத்தில் படியுங்கள். 50 சதம் என்று போட்டால் பாதி வெளிச்சம் வரும் என்பது பல மலிவு லைட்டுகளில் உண்மையில்லை. 20 சதம் வரை ஒன்றுமே வராமல் பிறகு திடீரென ஏறுவதும் உண்டு. இந்தச் சின்ன அட்டவணை இல்லாமல் 'வாரம் 5 சதம் ஏற்றுகிறேன்' என்பதற்கு அர்த்தமில்லை.

முதல் அளவைத் தொட்டி இருக்கும் நிலையிலேயே, துடைக்காமல் எடுங்கள். பிறகு துடைத்துவிட்டு நடுவில் ஒரு முறை. அந்த வித்தியாசம்தான் அடுத்த பகுதியின் பாதி.

காசில்லாமல் கூடும் வெளிச்சம்

தொட்டியின் மேல்மூடியாகப் போடும் சாதாரணக் கண்ணாடி, பளபளவென்று இருக்கும்போதே பத்தில் ஒரு பங்கைத் தின்னும். நுரையால் அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மரும் காற்றுக்குமிழி விடும் ஏர்ஸ்டோனும் தெறிக்கும் உப்பு அதன் அடியில் காய்ந்து வெள்ளைப் பூச்சாகிவிட்டால் பாதி போகும். வாரம் ஒரு முறை ஆர்ஓ தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து நிலத்தடி நீர் காய்ந்தால் அதுவே தனி உப்புப் பூச்சு.

அடுத்தது தண்ணீரின் நிறம். மாதக்கணக்கில் ஓடும் தொட்டியில் கரைந்த கரிமப் பொருள் சேர்ந்து தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சள் முதலில் விழுங்குவது நீலத்தைத்தான். முன்பக்கமாகப் பார்த்தால் தெரியாது. இரண்டு வெள்ளை பக்கெட், ஒன்றில் தொட்டித் தண்ணீர், மற்றதில் புதிதாகக் கலக்கிய உப்புத் தண்ணீர், மேலிருந்து பாருங்கள். 150 லிட்டருக்கு 50 கிராம் ஆக்டிவேட்டட் கார்பன், நன்றாகக் கழுவி, ஃபில்டர் பையில். மூன்று நான்கு வாரத்தில் மாற்ற வேண்டும். தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் கடல்தண்ணீர் பிடித்துவருபவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடமும் மற்ற ஆறுகளும் கலங்கி முகத்துவாரத்தில் இறங்கும்போது கரையோரத் தண்ணீரில் உப்பும் குறைவு, மஞ்சளும் வண்டலும் அதிகம். மாசி, பங்குனியில் பிடித்துச் சேமியுங்கள். இல்லையென்றால் உப்புத்தூளில் கலக்குங்கள்.

பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கரையும் கவனியுங்கள். மேலிருந்து சரிந்து வரும் ஒளி பக்கக் கண்ணாடியில் சாய்வாகப் பட்டால், வெளியே காற்று இருக்கும் வரை, முழுதாகத் திரும்பித் தண்ணீருக்குள்ளேயே விழும். கண்ணாடியோடு இடைவெளியின்றி ஒட்டிய ஸ்டிக்கரோ பெயின்ட்டோ இந்தத் திருப்பத்தைக் கெடுத்து ஒளியைக் குடித்துவிடும். கறுப்புப் பின்னணி வேண்டுமென்றால் ஒரு அட்டையைக் கண்ணாடியிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். பின்வரிசை எண்கள் ஏறுவதைப் பார்க்கலாம். பக்கக் கண்ணாடியின் உள்புறப் பாசியைச் சுரண்டுவதற்கும் இதே காரணம்.

உயரம்தான் பெரிய விஷயம். கறுப்புப் பெட்டி லைட்டை நீர்மட்டத்திலிருந்து 15 செ.மீ.யில் வைத்தால், உதாரணத்துக்கு, நடுவில் 280, மேல் மூலையில் 60, மணல் மூலையில் 30 என்று வரும். அதையே 30 செ.மீ.க்கு ஏற்றினால் நடு 180க்கு இறங்கும், மூலைகள் சற்று ஏறும். மொத்தத்தில் கொஞ்சம் வெளிச்சம் தொட்டிக்கு வெளியே சிந்தும். பரவாயில்லை, நமக்கு நடுவில் 280 தேவையே இல்லை. இன்னும் சமமாக வேண்டுமானால் நடுவில் உள்ள சில எல்இடிகளின் லென்ஸை மட்டும் கழற்றலாம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். திருகைத் தளர்த்தியதும் லென்ஸ் வந்துவிடும். எல்இடியின் மஞ்சள் தலையை விரலால் அழுத்தக் கூடாது. லைட்டைத் தொங்கவிடும் கொக்கி கூரையின் மரச்சட்டத்திலோ கான்கிரீட்டிலோ இருக்க வேண்டும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் அல்ல. தொட்டிக்குள் லைட் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றுதான் பதில். அது இல்லாத சுவிட்ச்போர்டில் பவளத் தொட்டியே வைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மூலை 30ஐத் தாண்டவில்லை என்றால் அங்கே மஷ்ரூமை வையுங்கள். மூலைக்காகத் தனி லைட் வாங்குவது எனக்கு ஒப்பாது. வாங்கியே தீர வேண்டும் என்றால் ஒரு பெரிய லைட்டுக்குப் பதில் சின்னதாக இரண்டு வாங்கி, நீளத்தின் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும் தொங்கவிடுங்கள்.

கத்திரி வெயிலும் தத்துப்பூச்சியும்

வெளிச்சத்தைத் தனியாகப் பேச முடியாது. சூடான தண்ணீரில் அதே வெளிச்சம் பவளத்துக்குப் பாரமாகிவிடும். உள்ளே இருக்கும் நுண்பாசி தாங்காமல் நச்சு ஆக்ஸிஜனை உண்டாக்கும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் நடந்த வெளுப்பும் இதே வழியில்தான். ஆகவே தொட்டி 29 டிகிரியைத் தாண்டும் நாட்களில் லைட்டைக் கால்பங்கு குறையுங்கள். பவளம் சில வாரம் குறைந்த வெளிச்சத்தில் மெலியும், சாகாது.

மின்விசிறியால் குளிர்விப்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துச் செல்லும். 100 வாட்ஸ் லைட் 8 மணி நேரத்தில் தருவது 0.8 யூனிட். ஒன்றேகால் லிட்டர் ஆவியானால் லைட்டின் சூடு சரிக்குச் சரி. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஒரு தரைக்கோட்டைப் போட்டுவிடும். தஞ்சாவூரில் மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதம் என்றால் விசிறியால் தொட முடிந்த எல்லை சுமார் 27. நாகையில் 34 டிகிரி, 70 சதம் என்றால் எல்லை 29. வெயில் குறைவாக இருந்தும் நாகைத் தொட்டிதான் சூடாக நிற்கும். அங்கே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ ஏசியோ இல்லாமல் வைகாசியைத் தாண்டுவது சிரமம். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல.

கோடைக்கு அடுத்த தலைவலி சம்பா பருவத்தில். தீபாவளியை ஒட்டி வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி விளக்குக்கு மொய்க்கும். நீலமும் ஊதாவும் அதற்கு இன்னும் பிரியம். லைட்டின் விசிறிக்குள் போய் அடைக்கும், லென்ஸில் ஒட்டும், தண்ணீரில் விழுந்து அழுகிப் பாஸ்பேட்டை ஏற்றும். கொசுவலை போட்டால் பூச்சி நிற்கும், வெளிச்சத்திலும் கால்பங்குக்கு மேல் தடைபடும். அதற்குப் பதில் அந்த இரண்டு மாதம் லைட்டைக் காலை 8 முதல் மாலை 5 வரை மாற்றிவிடலாம். பவளத்துக்கு மணிக்கணக்குதான் முக்கியம், கடிகாரம் அல்ல. ஒரேயடியாக மாற்றாமல் தினம் அரைமணி முன்னே தள்ளுங்கள். பூச்சிக்காகத் தொட்டி இருக்கும் அறையில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமத்து வோல்டேஜ் 180க்கு இறங்கும். நல்ல டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராகத் தரும் சுற்று) உள்ள லைட் 100 முதல் 240 வரை ஒரே வெளிச்சம் தரும். சோக் வைத்த பழைய டியூப்லைட் மங்கும். மின்வெட்டில் இன்வெர்ட்டரை லைட்டுக்குக் கொடுக்காதீர்கள், வேவ்மேக்கருக்குக் கொடுங்கள். பவளம் ஒரு நாள் இருட்டைத் தாங்கும். ஓட்டமில்லாத சூடான தண்ணீரை மீன்கள் சில மணி நேரம்கூடத் தாங்காது.

கூட்டும் வேகம்

கண்ணாடி துடைத்து, கார்பன் போட்டு, ஸ்டிக்கரைக் கிழித்து எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை செய்தால், ஸ்லைடரைத் தொடாமலே பவளத்தின் மேல் விழும் வெளிச்சம் ஒன்றரை மடங்காகிவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை. அன்றே மீட்டரை இறக்கி, பழைய எண் வரும் வரை ஸ்லைடரைக் குறையுங்கள். பிறகு வாரத்துக்குப் பத்து சதம் ஏற்றலாம். நைட்ரேட் 5 பிபிஎம்முக்கும் பாஸ்பேட் 0.03க்கும் கீழே கிடக்கும் தொட்டியில் அதுவும் வேண்டாம். பசியோடு இருக்கும் பவளம் கூடுதல் வெளிச்சத்தில் முதலில் வெளுக்கும்.

ஸோவாந்திட் காம்பு நீண்டு மேலே எட்டிப்பார்த்தால் வெளிச்சம் குறைவு. மஷ்ரூம் தட்டையாக விரிந்து பெரிதானாலும் அப்படியே. மஷ்ரூம் சுருங்கிக் கிண்ணம் போல் மடங்கினால், நிறம் வெளிறினால், அதிகம், நிழலுக்கு மாற்றுங்கள். லெதர் மட்டும் நம்மைக் குழப்பும். வாரக்கணக்கில் பூப்போன்ற பாலிப்களை விரிக்காமல் பளபளப்பான மெழுகுத் தோலோடு கிடந்து, பிறகு அந்தத் தோலை உரித்துவிட்டு விரியும். அது அதன் வழக்கம். அந்த நாட்களில் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டித் தோல் கழலவிடுங்கள், ஸ்லைடரைத் தொடாதீர்கள்.